உயிரின் பேக்கிங் செக்‌ஷன்

திருப்பூரில் மின்கம்பம், டீக்கடைச் சுவர், பஸ் ஸ்டாப் என்று எங்கே பார்த்தாலும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதில் வேலைகளை அடுக்கும் வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது. கட்டிங் மாஸ்டர் மேலே. அப்புறம் டைலர்கள். அதற்குக் கீழே கைமடி, செக்கிங். கடைசியில் பேக்கிங். அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில்தான் 'முன் அனுபவம் தேவையில்லை' என்று போட்டிருக்கும். என் அம்மா அந்தக் கடைசி வரியில் 19 வருஷம் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சும்மா, பேக்கிங்தானுங்க" என்பார்.

நான் விலங்கியல் படிக்கப் போனபோது அதே 'சும்மா' பாடப்புத்தகத்திலும் இருந்தது. டிஎன்ஏவுக்கு ஒரு முழு அத்தியாயம். அது சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களுக்கு ஒரு பத்தி, ஒரு படம், இரண்டு மார்க் கேள்வி. ஹிஸ்டோனின் வரலாற்றைப் பின்னால் தேடிப் படித்தபோது தெரிந்தது, அந்த அலட்சியம் எங்கள் புத்தகத்தோடு தொடங்கியதில்லை, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. அந்த வரலாறு முழுக்கத் துணி, சாயம், நூல் என்று எங்கள் ஊர் சாமான்களாகவே கிடக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுண்டெலிச் செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நேராக நீட்டினால் ஏறக்குறைய 1.8 மீட்டர். அது அடைந்து கிடக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படிச் சொன்னால் மனசில் நிற்காது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், உட்கருவை ஒரு கால்பந்து அளவுக்குப் பெரிதாக்கினால் டிஎன்ஏ திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் நீளும், சுமார் 50 கிலோமீட்டர். தடிமன் மெல்லிய தலைமுடி அளவு. அதுவும் ஒரே நூலாக இல்லை, 40 துண்டுகளாக.

பனியன் நூல் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் எதுவும் இருக்காது. 30ஸ் கவுண்ட் நூலை ஒரு கிலோ எடுத்தால் அதுவும் 50 கிலோமீட்டர்தான். ஒரு கோனில் அதைவிட அதிகமாகவே சுற்றியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தலைமுடி நூல் கால்பந்தின் கொள்ளளவில் 2 சதவீதம் அளவுக்குத்தான் அடைக்கிறது. ஆக இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில். கோனில் நூல் ஒரு முனையிலிருந்து வரிசையாகக் கழன்று வரும். செல்லுக்கு அந்த வசதி இல்லை. அவிநாசி கிட்டே பத்து மீட்டர், கருமத்தம்பட்டி கிட்டே ஐந்து மீட்டர் என்று ஒரே நேரத்தில் பல இடங்களைத் திறந்து படிக்க வேண்டும், மிச்சத்தைக் கலைக்காமல். செல் இரண்டாகப் பிரியும்போது மொத்த 50 கிலோமீட்டருக்கும் நகல் எடுத்து, முடிச்சு விழாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு டிஎன்ஏவின் முதுகு முழுக்க எதிர்மின்னேற்றம். தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும் நூல் அது. சும்மா திணித்தால் திணிபடாது.

ஹிஸ்டோன்கள் செய்வது இதைத்தான். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு சின்ன உருளை. ஹெச்2ஏ, ஹெச்2பி, ஹெச்3, ஹெச்4 என்ற நான்கு வகையில் வகைக்கு இரண்டு. அதன்மேல் டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாக, 147 எழுத்து நீளத்துக்குச் சுற்றிக்கொள்கிறது. இதற்கு நியூக்ளியோசோம் என்று பெயர். கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த உருளை. சுற்று அவிழாமல் வெளிப்பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்ள ஐந்தாவதாக ஹெச்1. ஒரு சுண்டெலிச் செல்லில் சுமார் 2.7 கோடி உருளைகள்.

*

தமிழில் 'நூல்' என்றால் இழையும் அதுதான், புத்தகமும் அதுதான். டிஎன்ஏவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவருக்கு இது சும்மா கிடைத்த சொத்து. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூல் இயற்றுவதைப் பஞ்சிலிருந்து நூல் நூற்பதோடு உறுப்புக்கு உறுப்பு பொருத்திக் காட்டுகிறார். சொல் பஞ்சாகிறது, புலவர் நூற்கும் பெண்ணாகிறார், அறிவு கதிராகிறது. பவணந்தி எங்கள் பக்கத்து விஜயமங்கலம், சீனாபுரம் பகுதிக்காரர் என்று கொங்கு நாட்டில் உரிமை கொண்டாடுவார்கள். நானும் கொண்டாடிக்கொள்கிறேன்.

ஐரோப்பியர்களும் செல்லைப் பார்த்தபோது நூலைத்தான் பார்த்திருக்கிறார்கள். செல் பிரிதலுக்கு வால்தர் ஃப்ளெமிங் 1882-இல் வைத்த மைட்டோசிஸ் என்ற பெயரின் வேர்ச்சொல்லுக்கு கிரேக்கத்தில் நூல் என்று பொருள். ஹிஸ்டோன் என்ற பெயருக்கு இரண்டு வேர்களைச் சொல்கிறார்கள். ஒன்று 'நிறுத்துவது'. இன்னொன்று தறியையும் தறியில் நெய்த துணியையும் குறிக்கும் சொல். அகராதிகள் எதையும் அடித்துச் சொல்வதில்லை. எனக்குத் தறிதான் பிடித்திருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் திசு என்று எழுதாமல் இழையம் என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லை நாமும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

*

கதை ஒரு கட்டுத்துணியில் ஆரம்பிக்கிறது. 1869-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிஷ் மீஷர் என்ற இளம் சுவிஸ் மருத்துவர், பக்கத்து அறுவைசிகிச்சை மனையிலிருந்து சீழ் ஊறிய பழைய கட்டுத்துணிகளை வாங்கிக் கழுவினார். ஆய்வுக்கூடம் பழைய கோட்டை ஒன்றின் சமையலறை. சீழ் என்றால் பெரும்பாலும் வெள்ளணுக்கள். அவற்றின் உட்கருவிலிருந்து பாஸ்பரஸ் மிகுந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்து நியூக்ளீன் என்று பெயரிட்டார். இன்று நாம் டிஎன்ஏ என்று சொல்வது அதைத்தான். ஊருக்குத் திரும்பிய பின் ரைன் நதியின் சால்மன் மீன்களுக்கு மாறினார். சால்மன் விந்துச் செல் கிட்டத்தட்ட முழுக்க உட்கருதான். அதில் நியூக்ளீனோடு ஒட்டிக்கொண்டு காரத்தன்மையுள்ள இன்னொரு பொருள் இருந்தது. 1874-இல் அதற்குப் புரோட்டமின் என்று பெயர் வைத்தார்.

பத்து வருஷம் கழித்து, 1884-இல், ஆல்பிரெஹ்ட் கோசெல் வாத்து இனத்துப் பறவைக்குப் போனார். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவைகளுடையதில் உண்டு. கூஸ் வாத்தின் ரத்தத்திலிருந்து அவர் பிரித்தெடுத்த காரப்புரதம்தான் ஹிஸ்டோன். கோசெலுக்கு 1910-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பறவை ரத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புரோட்டமினைப் பற்றி ஒரு சின்ன விலகல். விந்துச் செல்லில் ஹிஸ்டோன்களை வெளியேற்றிவிட்டு டிஎன்ஏவை இன்னும் இறுக்கமாகக் கட்டும் புரதம் இது, சுண்டெலியிலும் அப்படித்தான். 1930-களில் டென்மார்க்கின் ஹாகெடோர்ன் குழு மீன் விந்துப் புரோட்டமினை இன்சுலினோடு சேர்த்தது. ஊசி போட்ட இடத்திலிருந்து இன்சுலின் மெதுவாகக் கரைந்தது. இன்றும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் என்பிஹெச் இன்சுலின் குப்பிகளில் நடு எழுத்தான 'பி' அந்தப் புரோட்டமின்தான். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் அம்மா அதைப் போட்டுக்கொள்கிறார். பேக்கிங் அவரை விடுவதாக இல்லை.

*

அடுத்தது சாயம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்க்கின் குயினைன் செய்யப் போய் ஊதாச் சாயம் ஒன்றைச் செய்துவிட்டார். அங்கிருந்து தாரிலிருந்து எடுக்கும் செயற்கைச் சாயங்களின் வெள்ளம் தொடங்கியது. எல்லாம் துணிக்காகச் செய்தவை. மிச்சம் சொச்சம் ஆய்வுக்கூடங்களுக்கும் போனது. கண்ணாடித் துண்டில் வைத்த செல் நிறமற்றது, ஒன்றும் தெரியாது. சாயம் போட்டதும் உட்கருவுக்குள் ஒரு பொருள் மட்டும் சாயத்தை ஆசையாகப் பிடித்துக்கொண்டது. சாலமாண்டர் லார்வாக்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஃப்ளெமிங் அதற்குக் குரோமாட்டின் என்று பெயர் வைத்தார், 'சாயமேறும் பொருள்'. 1888-இல் வால்டையர் வைத்த குரோமோசோம் என்ற பெயருக்கு 'நிற உடல்' என்று அர்த்தம். சுற்றிய டிஎன்ஏவுக்கு உயிரியலில் இருக்கும் அடிப்படைச் சொற்கள் இரண்டுமே சாயப்பட்டறைச் சொற்கள்தான்.

இதில் ஒரு பழைய சாயம் இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கிறது. மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் கட்டையிலிருந்து வரும் ஹீமடாக்ஸிலின். துணிக்குப் போடும்போது எப்படிப் படிகாரம் சேர்ப்பார்களோ அதேபோலத்தான் செல்லுக்கும் சேர்க்க வேண்டும். படிகாரத்தின் அலுமினியம் சாயத்தோடு சேர்ந்து நேர்மின்னேற்றம் பெற்று டிஎன்ஏவின் எதிர்மின்னேற்றத்தில் ஒட்டிக்கொள்ளும். யாருக்காவது கட்டியை வெட்டி பயாப்சிக்கு அனுப்பினால் அந்த ஆய்வகத்தில் இன்றைக்கும் உட்கரு ஊதாவாகத் தெரிவது இந்த மரச்சாயத்தால்தான்.

சாயம் ஏன் ஒட்டியதோ அதே காரணத்துக்காகத்தான் ஹிஸ்டோனும் ஒட்டுகிறது. ஹிஸ்டோன்களில் லைசின், ஆர்ஜினின் என்ற நேர்மின்னேற்ற அமிலங்கள் நிறைய. மைனஸைத் தேடிப் பிளஸ். இதை எனக்கு உருப்படியாகப் புரியவைத்தது கல்லூரியில்லை, வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்த டையிங் மாஸ்டர். அவர் சொன்னது இது: "அம்மிணி, தண்ணிக்குள்ள போனா காட்டனும் மைனஸு, நம்ம ரியாக்டிவ் சாயமும் மைனஸு. ரெண்டும் ஒண்ணையொண்ணு கிட்ட சேத்தாதுங்க. நடுவுல உப்பு போட்டாத்தான் சண்டை அடங்கும். அப்பறம் சோடா போட்டு கெட்டியாப் புடிக்க வெச்சர்றது."

உட்கருவிலும் உப்பு இதே விளையாட்டை ஆடுகிறது, தலைகீழாக. குரோமாட்டினைக் கடல்நீரைப் போல மூன்று மடங்குக்கு மேல் உப்புள்ள கரைசலில் போட்டால், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் உப்பு புகுந்துவிடும். ஹிஸ்டோன்கள் கழன்றுவிடும். உப்பை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தால் டிஎன்ஏ தானாகவே மறுபடி சுற்றிக்கொள்ளும். ஆய்வகங்களில் நியூக்ளியோசோம் செய்யும் வழக்கமான முறை இன்றும் இதுதான். முதன்முதலாகப் படித்தபோது, இவ்வளவுதானா என்றிருந்தது.

மாஸ்டர் சொன்ன உப்பு எங்கே போனது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு ஏறாது. அது நொய்யலுக்குப் போனது. பாசனத்துக்காக 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகி, கீழ்ப்பக்கத்து விவசாயிகள் தண்ணீரைத் திறக்காதே என்று போராடும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுவிடாமல் சுத்திகரித்து உப்பைத் திரும்ப எடுக்கும் முறை உறுதியாக வந்தது. தாமதமாக வந்தது, பல கிராமங்களுக்கு ரொம்பத் தாமதமாக.

*

20-ஆம் நூற்றாண்டின் முன்பாதியில் ஹிஸ்டோன் போன்ற உட்கருப் புரதங்களுக்குத்தான் மரியாதை. டிஎன்ஏ நான்கே எழுத்து உள்ள சலிப்பான பொருள், பாரம்பரியம் புரதத்தில்தான் இருக்கும் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அதாவது அட்டைப்பெட்டியைச் சரக்கு என்று நினைத்தார்கள். 1944-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி குழு, பாக்டீரியாவின் குணத்தை மாற்றுவது டிஎன்ஏ என்று காட்டியது. அதை விடாமல் சந்தேகப்பட்டவர் அதே நிறுவனத்து ஆல்ஃபிரட் மிர்ஸ்கி. உங்கள் டிஎன்ஏவில் கொஞ்சம் புரதம் ஒட்டியிருக்கலாமே என்பது அவர் வாதம். 1953-இல் இரட்டைச் சுருள் வந்தபின் அந்த வாதம் எடுபடவில்லை. சரக்கு எது என்று தெரிந்துவிட்டது, அட்டைப்பெட்டியைத் தூக்கி மூலையில் போட்டார்கள்.

எடின்பரோவில் எட்கர், எலன் ஸ்டெட்மன் தம்பதி மட்டும் 1950-இல் ஒரு கேள்வி கேட்டார்கள். ஈரல் செல்லுக்கும் நரம்புச் செல்லுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? தேவையில்லாத ஜீன்களை ஹிஸ்டோன்கள் மூடி வைக்கின்றனவோ? 1962-இல் கால்டெக்கில் ரூ-சி ஹுவாங், ஜேம்ஸ் பானர் இருவரும் பட்டாணிச் செடியின் குரோமாட்டினில் ஹிஸ்டோன் இருந்தால் டிஎன்ஏவைப் படிக்க முடிவதில்லை என்று காட்டினார்கள். 1964-இல் வின்சென்ட் ஆல்ஃப்ரி, ஹிஸ்டோனின் லைசின்மேல் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுப்பை ஒட்டினால் பிளஸ் மறைந்து பிடி தளரலாம், ஜீன் திறக்கலாம் என்று எழுதினார். அந்தக் கட்டுரையின் கடைசிப் பெயர் மிர்ஸ்கி. ஏவரி விஷயத்தில் தோற்ற மனிதர், இருபது வருஷம் கழித்துப் புரதத்தின் பக்கம் நின்றே சரியான ஒன்றைத் தொட்டிருக்கிறார். அறிவியல் வரலாற்றில் எனக்குப் பிடித்த திருப்பங்களில் இது ஒன்று.

அப்போதும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1969-இல் பட்டாணியின் ஹெச்4-ஐயும் கன்றுக்குட்டியின் ஹெச்4-ஐயும் ஒப்பிட்டபோது 102 அமினோ அமிலங்களில் இரண்டே இரண்டுதான் வேறாக இருந்தன. செடிக்கும் மாட்டுக்கும் நடுவே நூறு கோடி வருஷத்துக்கு மேல் இடைவெளி. இந்த அளவுக்கு ஒரு புரதம் மாறாமல் இருக்கிறதென்றால் அதில் எங்கே கைவைத்தாலும் உயிர் தாங்காது என்று அர்த்தம். முன் அனுபவம் தேவையில்லாத வேலை இல்லை அது.

1973-இல் ஆஸ்திரேலியாவில் ஹூயிஷ், பர்கோய்ன் இருவரும் எலி ஈரலின் குரோமாட்டினை ஒரு நொதி வெட்டும்போது துண்டுகள் கண்டபடி வராமல் சீரான ஏணிப்படி போல வருவதைக் கண்டார்கள். மின்நுண்ணோக்கியில் பார்த்த ஓக் ரிட்ஜின் ஒலின்ஸ் தம்பதிக்குக் கோத்த மணிகளாகத் தெரிந்தது. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜில் 27 வயது ரோஜர் கோர்ன்பெர்க் கணக்கைக் கூட்டினார்: எட்டு ஹிஸ்டோன், சுமார் 200 எழுத்து டிஎன்ஏ, மீண்டும் மீண்டும். அதுவரை ஹிஸ்டோன்கள் டிஎன்ஏவின்மேல் பூச்சு போல இருப்பதாகத்தான் பலர் நினைத்திருந்தார்கள். நூல்தான் அவற்றின்மேல் சுற்றியிருக்கிறது என்றார் அவர். 1997-இல் கரோலின் லூகர், டிமத்தி ரிச்மண்ட் குழு சூரிச்சில் அதன் அணு அளவிலான படத்தை வெளியிட்டது. உருளையிலிருந்து ஹிஸ்டோன்களின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய வருஷம்தான் டேவிட் ஆலிஸ் குழு, ஒற்றைச்செல் உயிரி ஒன்றிலிருந்து அசிட்டைல் ஒட்டும் நொதியைப் பிடித்திருந்தது. அது ஈஸ்டில் ஏற்கெனவே 'ஜீனைத் திறக்க உதவுவது' என்று தெரிந்திருந்த புரதத்தின் உறவு. ஆல்ஃப்ரி சொன்னது 32 வருஷம் கழித்து ஊர்ஜிதமானது.

பாடப்புத்தகங்களில் அதற்கு மேற்பட்ட மடிப்பாக 30 நானோமீட்டர் தடிமனில் அழகான சுருள் ஒன்றைப் போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். 2017-இல் மனிதச் செல்லை அப்படியே வைத்துப் பார்த்தபோது 5 முதல் 24 நானோமீட்டர் வரை ஒழுங்கில்லாத சங்கிலிகள்தான் தெரிந்தன.

*

இனி சுண்டெலி. அங்கேதான் ஹிஸ்டோன் ஜீன்களின் வேலைநேரம் தெளிவாகத் தெரிந்தது.

செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ இரட்டிப்பாகும். அதே சில மணி நேரத்துக்குள் இன்னொரு 2.7 கோடி உருளைக்கான சாமான், அதாவது 20 கோடிக்கு மேல் ஹிஸ்டோன்கள், தயாராக வேண்டும். ஷிப்மென்ட் தேதிக்குச் சரக்கு ரெடியாகி, பாலிபேக்கும் அட்டைப்பெட்டியும் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டாம். முன்கூட்டியே வாங்கிக் குவிக்கவும் முடியாது. சுற்றுவதற்கு டிஎன்ஏ இல்லாமல் மிஞ்சித் திரியும் ஹிஸ்டோன் செல்லுக்கு நஞ்சு.

செல் இதற்குப் பல வழிகள் வைத்திருக்கிறது. ஒன்று, எண்ணிக்கை. சுண்டெலிக்கு 60-க்கும் மேற்பட்ட ஹிஸ்டோன் ஜீன்கள். பெரும்பாலானவை 13-ஆம் குரோமோசோமில் ஒரே தெருவில் குடியிருக்கின்றன, மற்றவை 3-லும் 11-லும். ஹெச்4-க்கு மட்டும் ஒரு டஜன் அளவு ஜீன்கள், எல்லாம் ஒரே புரதத்தைச் செய்கின்றன. ஒரே டிசைனுக்கு ஒரு டஜன் மெஷின் ஓட்டுவது போல. இரண்டாவது, தாளின் தன்மை. மற்ற ஜீன்களின் ஆர்என்ஏ நகல்களுக்குக் கடைசியில் நீண்ட 'ஏ' வால் இருக்கும், அது நகலின் ஆயுளைக் கூட்டும். இந்த ஹிஸ்டோன் நகல்களுக்கு அந்த வால் கிடையாது. பதிலாகச் சின்ன மடிப்பு ஒன்று, ஒரு கொண்டை ஊசி மாதிரி. அதைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு புரதம். டிஎன்ஏ நகலெடுப்பு நின்றதும் அந்த ஹிஸ்டோன் நகல்களும் மடமடவென்று அழிந்துவிடும். ஆர்டர் முடிந்தது, லைன் காலி. ஜூரிச்சில் மாக்ஸ் பிர்ன்ஸ்டீல் கடல்முள்ளெலியில் தொடங்கிய இந்த ஆராய்ச்சியைச் சுண்டெலி வரை விரித்தவர்களில் வட கரோலினாவின் வில்லியம் மார்ஸ்லஃப் முக்கியமானவர்.

வெளியே நின்று பிடிக்கும் ஹெச்1-க்குச் சுண்டெலியில் 11 வகை. இத்தனை எதற்கு? நியூயார்க்கில் ஆர்தர் ஸ்கோல்ச்சி குழு ஒன்றைத் தூக்கிப் பார்த்தது. எலி நன்றாக இருந்தது. மற்ற வகைகள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒருத்தி லீவு போட்டால் பக்கத்து டேபிள்காரி சேர்த்துப் பார்ப்பாள், அதேதான். 2003-இல் மூன்று வகைகளைச் சேர்த்துத் தூக்கினார்கள். மொத்த ஹெச்1 பாதியாகக் குறைந்தது. அந்தக் கருக்கள் பிறக்கவில்லை, தாயின் வயிற்றிலேயே பாதிக் காலத்தில் இறந்தன. அப்படிப்பட்ட செல்களைத் தனியே வளர்த்துப் பார்த்தபோது உருளைகள் நெருங்கி வந்திருந்தன, இடைவெளியில் சுமார் 15 எழுத்து குறைந்திருந்தது. எல்லா ஜீன்களும் ஒரேயடியாகத் திறந்து கொட்டிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி ஆகவில்லை, மாறியவை சில டஜன்தான். 'ஹெச்1 எல்லாவற்றையும் பூட்டும் பூட்டு' என்ற பழைய எண்ணத்துக்கு அது சரியான அடி. ஆனால் அந்தச் சில டஜன் எவை, எப்போது என்பதில்தான் ஒரு உயிர் பிழைப்பது இருக்கிறது.

மடிப்பு கண்ணுக்கே தெரியும் இடமும் சுண்டெலியில் உண்டு. பெண் எலிக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒவ்வொரு செல்லும் அதில் ஏதோ ஒன்றை இறுக மடித்து ஓரம் வைத்துவிடுகிறது என்று இங்கிலாந்தின் மேரி லயன் 1961-இல் எழுதினார். அவருக்குக் கிடைத்த துப்பு சில பெண் எலிகளின் தோலில் இருந்த திட்டுத் திட்டான நிறம். ஒரு திட்டில் அப்பா கொடுத்த எக்ஸ் மூடியிருக்கும், அடுத்த திட்டில் அம்மா கொடுத்தது.

*

நம் பக்கத்து ஆட்கள் இந்தக் கதையில் இல்லாமல் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.எஸ். ராவ் பல வருஷங்கள் எலியின் விந்து உருவாகும்போது ஹிஸ்டோன்கள் எப்படி விலக்கப்படுகின்றன, நடுவில் எந்தப் புரதங்கள் வந்து போகின்றன என்று பார்த்தார். மீஷர் சால்மனில் விட்ட இடம் அது. அதே பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு மையத்தின் தபஸ் குண்டு குழு 2004-இல், மஞ்சளின் குர்குமின் ஓர் அசிட்டைல் நொதியைத் தடுப்பதாகக் காட்டியது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு இது பெருமையான செய்தி. மஞ்சளும் துணிச்சாயம்தானே. ஆனால் குர்குமின் சோதனைக் குழாயில் கண்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும் சாமான் என்று வேதியியலாளர்கள் பலர் எச்சரித்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சள்பால் குடிக்க வேண்டாம்.

இன்னொருவர் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரிபோசோமுக்காக 2009-இல் நோபல் வாங்கியவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால், அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த காலத்தில், அவருடைய அக்கறைகளில் ஒன்று குரோமாட்டின். 1990-களின் தொடக்கத்தில் ஒரு வருஷம் கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் படிகவியல் கற்றுக்கொண்டார். 1993-இல் ஹெச்5 என்ற புரதத்தின் நடுப்பகுதி எப்படி மடிந்திருக்கிறது என்பதை வெளியிட்டார். ஹெச்5, ஹெச்1-இன் உறவுக்காரப் புரதம். கிடைக்கும் இடம் கோழியின் சிவப்பணு. கோசெல் 1884-இல் கைவைத்த அதே பறவை ரத்தம்.

அந்தப் படம் ஹெச்5-இன் உருவத்தைக் காட்டியது. உருளையின் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதை அது நேரடியாகக் காட்டவில்லை, ஊகிக்கத்தான் முடிந்தது. சுற்று தொடங்கி முடியும் வாசலின் நடுவிலா, கொஞ்சம் ஓரத்திலா என்று இருபது வருஷத்துக்கு மேல் சண்டை நடந்தது. 2015-இல்தான் ஹெச்5-இன் அந்த நடுப்பகுதி உருளையோடு சேர்ந்து பிடித்திருக்கும் படிகப் படம் வந்தது. கோழியின் ஹெச்5 நடுவில் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பே பழ ஈயின் ஹெச்1 கொஞ்சம் தள்ளி உட்காருவதாகத் தெரிந்திருந்தது. ஆக, இரண்டு தரப்பும் ஜெயித்திருக்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கம்பெனிக்குக் கம்பெனி மடிப்பு மாறுமல்லோ கண்ணு, ஒருத்தன் காலரு மேல பாக்கோணும்பான், ஒருத்தன் லேபிள் தெரியோணும்பான்" என்றார்.